ஆஃபரில் வாங்கிய வாக்கி-டாக்கி வெள்ளத்தில் பேசாது

தீபாவளித் தள்ளுபடி தொடங்கியதும் இந்த ஆலோசனையும் கூடவே கிளம்பிவிடுகிறது. "ஒரு ஜோடி ஹாம் ரேடியோ வாங்கிப் போட்டுடுங்க சார். இப்ப விலை ரொம்பக் கம்மி. அடுத்த வெள்ளத்துல டவர் படுத்துட்டா இதுதான் கைகொடுக்கும்." அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் சொல்கிறார்கள், மலையேறும் குழுக்களில் சொல்கிறார்கள், படித்தவர்கள் சொல்கிறார்கள். கேட்பவர் கூடையில் சேர்த்துவிடுகிறார். சீரியல் பல்பும் பட்டாசும் வாங்கும் கையோடு ஒரு டிரான்ஸ்மிட்டரும் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இந்த ஆலோசனை தவறு. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் வாதம் அற்பமானதில்லை. அதை அதன் முழு பலத்தோடு வைத்துவிட்டே மறுக்கிறேன்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயலின்போது டெல்டாவிலும் செல்பேசி ஊமையானதைப் பார்த்தோம். கரண்ட் போனது, ஜெனரேட்டர் டீசல் தீர்ந்தது, டவர் செத்தது. பொழுதுபோக்காகப் பேசும் ஆர்வலர்களின் 'அமெச்சூர்' ரேடியோவான ஹாம் ரேடியோவுக்கு டவர் தேவையில்லை. முன்பெல்லாம் ஐகாம், கென்வுட் போன்ற ஜப்பானிய கைச் செட் ஒன்று வாங்க ஒரு மாதச் சம்பளமே போய்விடும். 2012 வாக்கில் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து பாவ்ஃபெங் யு.வி.-5ஆர் என்ற கைச் செட் வந்தது. அமெரிக்காவில் 25 டாலர் அளவுக்கு இறங்கி, பிளாக் ஃப்ரைடே விற்பனையில் ஜோடி ஜோடியாகப் போனது. இங்கேயும் சில ஆயிரம் ரூபாய்தான். இவ்வளவு மலிவான பாதுகாப்பை ஏன் மறுக்க வேண்டும்? வாங்கி வைப்பதில் என்ன நஷ்டம்? சும்மா கிடந்தால் கிடக்கட்டும், ஒருநாள் உதவினால் லாபம். அதோடு, பொழுதுபோக்காக இந்தத் துறைக்குள் நாலு இளைஞர்கள் வருவார்களே?

வாதம் இவ்வளவுதான். இனி என் மறுப்புகள்.

1. முதலில், அது உங்கள் கையில் இருக்கலாமா? இந்தக் கேள்வியை விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இந்தியாவில் வயர்லெஸ் கருவியைப் பயன்படுத்துவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. "பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன், நான் பேசவே இல்லையே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஹாம் உரிமம் பெற மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். தேறி உரிமம் பெற்றால் வி.யு. என்று தொடங்கும் ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். ராஜீவ் காந்திக்கே வி.யு.2 ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறி தேவைப்பட்டது.

உரிமம் வேண்டாத வாக்கி-டாக்கியும் உண்டே என்பார்கள். உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு இடைவெளியில், குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு 2018-இன் விதிகள் விலக்குத் தருகின்றன. ஆனால் தள்ளுபடியில் வரும் செட் அந்த இடைவெளிக்குள் அடங்கி உட்காரும் கருவி இல்லை. 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை எங்கே வேண்டுமானாலும் 4, 5 வாட்டில் அலறும். 446-இல் வைத்துக்கொண்டேன் என்பதால் அது விலக்குப் பெற்ற கருவியாகிவிடாது. இந்த வேறுபாட்டை விற்பனைப் பக்கங்கள் சொல்லாததால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 16,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகள் அதன் கண்ணில் பட்டிருந்தன. அதே மாதம் இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன: எந்த அதிர்வெண்ணில் இயங்கும், உரிமம் தேவையா என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். நஷ்டமே இல்லாத வியாபாரம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

2. "ஆபத்துக்குப் பாவமில்லை." இந்தப் பழமொழியைத்தான் அடுத்து எடுப்பார்கள். உயிர் போகிற நேரத்தில் உரிமத்தை யார் கேட்கப் போகிறார்கள்? யாரும் கேட்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆபத்துக்குப் பாவமில்லை என்பது ஆபத்து வந்த நிமிடத்துக்கான நியாயம். ஆபத்து வருமுன் உள்ள ஆண்டுகளில் அந்தக் கருவியோடு பழகியிருக்க வேண்டுமே, அதற்கு இந்த நியாயம் உதவாது. உரிமம் இல்லாதவர் ஒழுங்காக நடந்துகொண்டால் செட்டைத் தொடாமலே வைத்திருப்பார். தொடாமலே வைத்திருந்தவருக்கு அது இயங்கும் விதம் தெரியாது. தொட்டுப் பழகியிருந்தால் ஆபத்தில்லாத நாட்களிலேயே சட்டத்தை மீறியிருக்கிறார். இரண்டில் எது? இந்த ஆலோசனையைச் சொல்பவர்களிடம் இதற்கு விடை இல்லை.

அமெரிக்க விதிகளில் ஆபத்துக் கால விலக்கு இருக்கிறது என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. அது அந்த நாட்டின் விதி. அங்கேயும் அது அமெச்சூர் நிலையங்களை நினைத்து எழுதப்பட்டது, கடையில் நேற்று வாங்கிய பொம்மையை நினைத்து அல்ல.

3. எவ்வளவு தூரம் பேசும்? விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்புபவர்கள், அது எந்த இடத்தில் அளந்தது என்று கேட்பதில்லை. இந்த அலைவரிசைகளின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. தரையில் நிற்கும் இருவர், வாயருகே செட்டைப் பிடித்தபடி, நடுவில் ஒரு மரம்கூட இல்லாத சமவெளியில் பேசினால் பூமியின் வளைவு அனுமதிக்கும் தூரமே சுமார் 10 கிலோமீட்டர்தான். அப்படி ஒரு சமவெளி வேளச்சேரியில் இல்லை. கான்கிரீட் சுவர், லிஃப்ட் கூண்டு, பக்கத்து அடுக்குமாடி எல்லாம் சேர்ந்து அதை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குச் சுருக்கிவிடும். சில தெருக்களில் அதுவும் கிடையாது. வேளச்சேரியில் முதல் மாடியில் சிக்கியவர் முடிச்சூரில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டால் இரைச்சல்கூட வராது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கூட வரும் ரப்பர் ஆன்டெனா இன்னொரு ஏமாற்று. 145 மெகாஹெர்ட்ஸில் அலையின் கால் பங்கு நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். செட்டின் தலையில் இருப்பது ஒரு சாண்கூட இல்லாத, சுருளாகச் சுற்றி உறையிட்ட கம்பி. சக்தியில் பெரும்பங்கு வானத்துக்குப் போகாமலே வீணாகிறது. ஹாம்கள் இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். கொஞ்சம் செம்புக் கம்பியும் ஒரு பி.வி.சி. குழாயும் வாங்கி, அளந்து வெட்டி, மொட்டை மாடியில் நிறுத்தினால், செட்டின் விலையை இரட்டிப்பாக்கினாலும் கிடைக்காத பலன் கிடைக்கும். ஆஃபரில் யாரும் பி.வி.சி. குழாய் விற்பதில்லை.

"ரிப்பீட்டர் இருக்கே?" நல்ல கேள்வி. மலையுச்சியிலோ உயரமான கட்டடத்திலோ வைத்த நிலையம் உங்கள் மெல்லிய குரலை வாங்கிப் பெரிதாக்கி அனுப்பும். அப்போது கைச் செட்டும் பல பத்து கிலோமீட்டர் போகும். ஆனால் ரிப்பீட்டர் என்பது வேறு யாரோ தங்கள் காசில், தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில், பேட்டரியும் ஆன்டெனாவும் பார்த்து நடத்தும் ஒன்று. அந்தப் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அதன் பொறுப்பாளருக்குத் தெரியும், அவரோடு பேசிப் பழகியவருக்குத் தெரியும். தள்ளுபடியில் செட் வாங்கியவருக்கு ரிப்பீட்டர் இருக்கிறதா என்பதே தெரியாது. டவரை நம்பக் கூடாது என்று கிளம்பியவர், பெயர் தெரியாத இன்னொரு டவரை நம்பி நிற்கிறார்.

4. சரி, யாரிடம் பேசுவீர்கள்? டார்ச் லைட் வாங்கி வைப்பதுபோல ரேடியோ வாங்கி வைக்கலாம் என்பதுதான் இந்த எண்ணத்தின் வேர். டார்ச் தனியாக வேலை செய்யும். ரேடியோவுக்கு மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அதே நேரத்தில், அதே அதிர்வெண்ணில், செட்டைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் யார் என்று அவருக்குப் புரிய வேண்டும். நீங்கள் சொல்வதை எழுதி உரிய இடத்துக்கு அனுப்பும் வழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2004-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சுனாமியில் அந்தமானைக் காப்பாற்றியது ஹாம் ரேடியோ என்பார்கள். நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் தலைமையில், 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து பேச ஹாம்களுக்குப் பல ஆண்டுகளாக அனுமதி இல்லாமலிருந்து, போராடி வாங்கிய அனுமதியில் போயிருந்தார்கள். உலகெங்கும் உள்ள ஹாம்கள் அந்த அபூர்வ அழைப்புக்குறியைப் பிடிக்க இரவுபகலாக வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 26 காலை பூமி குலுங்கியது. ஒரு தொலைபேசியும் வேலை செய்யாத நேரத்தில் அந்தக் குழு விளையாட்டை நிறுத்திவிட்டு அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. பிறகு கார் நிகோபாரிலும் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. தீவில் இருப்பவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்ற தகவல் நிலப்பகுதிக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

அங்கே இருந்தவை என்னென்ன? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டும் சிற்றலை செட்டுகள். கட்டி நிறுத்திய ஆன்டெனாக்கள். மைக் பிடித்துப் பல ஆண்டுகள் பழகியவர்கள். முறையான அனுமதி. எல்லாவற்றையும்விட, செட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் கேட்கும் காதுகள் ஏற்கெனவே இருந்தன. இவற்றில் ஒன்றையும் அலமாரியில் கிடக்கும் பாவ்ஃபெங் தராது. அந்தக் குழுவினர் தங்கள் கைப்பையில் தலா ஒரு கைச் செட்டை மட்டும் வைத்துக்கொண்டு போர்ட் பிளேரில் இறங்கியிருந்தால், ஒருவரோடொருவர் பேசியிருப்பார்கள். சென்னை கேட்டிருக்காது. 2004-ஐக் காட்டி 2,000 ரூபாய்ச் செட்டை விற்பவர், அந்த நிகழ்ச்சியின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் காரணங்களை விட்டுவிடுகிறார்.

5. அப்படியே ஒரு வெள்ளம் வந்துவிட்டது என்று கொள்வோம். அலமாரியைத் திறக்கிறீர்கள். பேட்டரி எப்போது சார்ஜ் செய்தது? லித்தியம் பேட்டரி காலியான நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் மறுபடி ஏறாமலே போகலாம். கரண்ட் இல்லாத வீட்டில் அதன் சார்ஜர் தொட்டிலும் ஓர் அலங்காரப் பொருள்தான். ஏதோ சார்ஜ் இருக்கிறது, செட் திறந்துகொள்கிறது, பேசுவது சீனப் பெண்குரல். மெனு எண்களை மனப்பாடம் செய்தவர் மட்டுமே அடுத்த படிக்குப் போக முடியும். ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்கும், 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் பேசும், திறந்துகொள்ள ஒரு டோனும் எதிர்பார்க்கும். இந்த மூன்றையும் சின்னத் திரையில், குட்டிப் பொத்தான்களில், இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏற்ற வேண்டும். கணினி வழியாக ஏற்ற சிர்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் மலிவுக் கேபிளுக்குள் போலிச் சிப் இருந்தால் விண்டோஸ் அதை ஏற்க மறுக்கும். இதெல்லாம் ஒரு மழைக்கால ஞாயிறு மதியம், டீ குடித்துக்கொண்டு தீர்க்க வேண்டிய தலைவலிகள்.

இன்னொரு அபாயமும் இங்கே இருக்கிறது. இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கிய 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் இந்த செட் பேசும் என்று சொன்னேன். 156.8-இல் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் ஆபத்துக்கு அழைக்கின்றன. போலீஸும் ரயில்வேயும் அக்கம்பக்கத்து அதிர்வெண்களில் இருக்கின்றன. பதற்றத்தில் எண்ணைத் தவறாக அழுத்திவிட்டு, பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு "ஹலோ ஹலோ" என்று கத்தும் ஒருவர், மீட்புக்கு வந்திருக்கும் குழுவின் காதை அடைக்கிறார். உதவி கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

6. தரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மலிவான எல்லாமே குப்பை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்க ஹாம்களின் அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல்.லின் ஆய்வகம் ஹாம் திருவிழாக்களுக்கு வந்த கைச் செட்டுகளைச் சோதித்தபோது, மலிவுச் செட்டுகளில் கணிசமானவை தேவையற்ற அலைகளைக் கக்கின. 5 வாட் செட் வேறு இடங்களில் சிந்துவது 25 மைக்ரோவாட்டுக்கு மேல் போகக் கூடாது, அதாவது 2 லட்சத்தில் ஒரு பங்கு, என்பது அங்குள்ள விதி. 145-இல் பேசும்போது சிந்துவது அதன் இரு மடங்கான 290-இல் விழும். அது ராணுவ விமானங்கள் பேசும் பகுதி. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2018-இல் இத்தகைய செட்டுகளை விற்பது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் இந்தத் தொகுதி நன்றாக இருக்கும், அடுத்தது இருக்காது. நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கத் தேவையான ஆய்வகத் தர ஸ்பெக்ட்ரம் அனலைசரின் விலையில் இதுபோல நூறு செட் வாங்கலாம்.

7. "நாலு பசங்க இந்தப் பக்கம் வருவாங்களே" என்பது இந்தத் தரப்பில் எனக்குப் பிடித்த ஒரே வாதம். உண்மையும் அதில் உண்டு. உரிமம் வாங்கிய கல்லூரி மாணவருக்கு முதல் செட்டாக மலிவான கைச் செட் ஒன்று போதும். அதை யாரும் கேலி செய்யக் கூடாது. கேலி செய்யும் மூத்த ஹாம்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் மேஜையில் இருக்கும் செட்டின் விலையைச் சொன்னால் மாணவர் ஓடியே போய்விடுவார்.

ஆனால் உரிமம் இல்லாமல் செட் வாங்கியவர் உள்ளே வருவதில்லை, வாசலிலேயே நின்றுவிடுகிறார். ஆசை தீர்ந்துவிடுகிறது. நாலு நாள் திருப்பிப் பார்ப்பார், ஒன்றும் கேட்காது, ஏனென்றால் பெரும்பாலான ஊர்களில் பெரும்பாலான நேரம் இந்த அதிர்வெண்களில் யாரும் பேசிக்கொண்டிருப்பதில்லை. அதோடு சரி. ஆர்வத்தைச் சோதிக்க வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஆஃபரும் வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரிசீவரை இணையம் வழியாக யாரும் இலவசமாகத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரைச்சலுக்கு நடுவே மோர்ஸ் ஒலியும், எங்கிருந்தோ வரும் ஓர் அழைப்புக்குறியும் காதில் விழுந்து, தூக்கம் கெட்டால், அவர் ஹாம் ஆகப்போகிறவர். சலித்துப்போனால் பணம் மிச்சம்.

மலிவு பற்றி நாம் பேசுவதானால் ஹைதராபாத்தைப் பற்றிப் பேச வேண்டும். அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற இந்திய ஹாம் 2003-இல் பிட்எக்ஸ் என்ற செட்டின் வரைபடத்தை யாரும் கட்டிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். இறக்குமதி உதிரிகள் கிடைக்காத ஊரில், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில்கூடச் சுருள் சுற்றிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு யோசித்துச் செய்த வடிவமைப்பு அது. பின்னால் வந்த பிட்எக்ஸ்40, ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று சுருள் சுற்ற, 59 டாலருக்கு உலகெங்கும் போனது. அதன் சக்தி 7 வாட். 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு கம்பியைக் கட்டிவிட்டால் வேளச்சேரிக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் எந்த டவரும் ரிப்பீட்டரும் வேண்டாம். இரண்டு பாவ்ஃபெங்கின் விலையை ஒட்டியதுதான் அதுவும். கட்டியவருக்கு அதில் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று தெரியும், பழுதானால் சரிசெய்யவும் தெரியும். ஆகவே விலை குறைவு என்பதோடு எனக்குப் பகையில்லை. விலை குறைவு என்பதால் மற்ற எல்லாத் தேவைகளும் குறைந்துவிட்டன என்று நினைப்பதோடுதான்.

8. "ஆஃபர் போயிடுமே?" கடைசியில் எல்லா வாதமும் இங்கேதான் வந்து நிற்கிறது. விண்ணப்பித்து, படித்து, தேர்வெழுதி, உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பொங்கல் தள்ளுபடி வரும், குடியரசு தினத் தள்ளுபடி வரும், ஆடி வரும், அடுத்த தீபாவளியும் வரும்.